கூலிக்குக் கீழ்வரம்பு கட்டியவர்

அண்ணல் அம்பேத்கரின் சிலை இல்லாத சேரி இன்று குறைவு. நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, நீட்டிய விரல், கையில் ஒரு தடித்த புத்தகம். அந்தப் புத்தகம் அரசியலமைப்புச் சட்டம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், அவர் கையில் வேறொரு தாளும் இருந்தது. எந்தச் சிலையிலும் அது இடம்பெறவில்லை. 1946 ஏப்ரல் 11ஆம் தேதி, தன் 55ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, டெல்லியில் மத்தியச் சட்டமன்றத்தில் அவர் முன்வைத்த குறைந்தபட்சக் கூலி மசோதா அது.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதே எதிர்வாதங்கள் வருகின்றன. தொழில் நசிந்துவிடும், ஆள் குறைப்பார்கள், விவசாயம் தாங்காது. இவற்றில் எதுவும் புதிதல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இவை எல்லாவற்றுக்கும் முகம் கொடுத்துத்தான் அந்த மசோதா பிறந்தது. அதைக் கொண்டுவந்தவரின் வாழ்க்கையைக் கூலி என்ற ஒரு நூலில் கோத்துப் பார்த்தால், இன்றைய விவாதத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெளிவாகும்.

வெட்டி வேலையின் வாரிசு

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மௌ ராணுவக் குடியிருப்பில் பீமாராவ் பிறந்தார். பூர்வீகம் கொங்கணத்தில் ரத்தினகிரி மாவட்டத்து அம்படவே கிராமம். சாதி மகர். அந்தச் சாதிக்குக் கிராமம் விதித்திருந்த வேலைக்கு வதன் என்று பெயர். அதிகாரி வந்தால் மூட்டை சுமக்க வேண்டும். எல்லைக் காவல் பார்க்க வேண்டும். சாவுச் செய்தி சொல்ல ஊர் ஊராக ஓட வேண்டும். செத்த மாட்டை இழுத்துப் போக வேண்டும். இரவு பகல் என்ற கணக்குக் கிடையாது. தகப்பன் இல்லாவிட்டால் மகன் போக வேண்டும். இதற்குக் கிடைத்தது ஒரு துண்டு நிலமும், அறுவடையின்போது ஊரார் பார்த்துக் கொடுக்கும் தானியமும். நம் பக்கத்தில் கூலி இல்லாத வேலையை வெட்டி என்றார்கள். அங்கே அது வதன். பெயர்தான் வேறு.

இந்தச் சங்கிலியிலிருந்து அவர் குடும்பம் வெளியேறியது பட்டாளத்தின் வழியாக. தாத்தாவும் தகப்பனார் ராம்ஜி சக்பாலும் ராணுவத்தில் இருந்தவர்கள். ராம்ஜி சுபேதார் பதவி வரை உயர்ந்தார். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். மாதம் பிறந்தால் கையில் பணமாக வரும் சம்பளம், ஊரார் தயவு பார்த்து அளந்து போடும் தானியத்திலிருந்து எவ்வளவு தூரம் வேறுபட்டது என்பதை அம்பேத்கர் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார். சம்பளம் கேட்டுப் பெறுவது. தானியம் கையேந்திப் பெறுவது. ராம்ஜி மகனைப் படிக்க வைக்க முடிந்ததற்கு அந்தச் சம்பளமும் ஒரு காரணம்.

பம்பாயில் மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியின் லைன் வீட்டில்தான் அவர் படித்தார். 1907இல் மெட்ரிக், 1912இல் பி.ஏ., பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், அடுத்து லண்டன். படித்தது பொருளாதாரம். 1918இல் சிறு நிலவுடைமை குறித்து அவர் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து, நிலம் சிறியதாக இருப்பதைவிட, நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய ஆட்கள் கிடப்பதே நோய் என்பதாகும். வேறு வேலை இல்லாதவர்கள் வரப்போரம் காத்துக் கிடக்கும்வரை கூலி உயராது. இதைக் கண்ணால் பார்த்தும் ஏட்டில் படித்தும் அறிந்தவர் அவர்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, வதன் முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். மகர்களின் வேலைக்கு ஒழுங்கான ஊதியம் வேண்டும், விருப்பமில்லாதவர் அந்த வேலையிலிருந்து விடுபட வழி வேண்டும் என்பது அதன் சாரம். கிராமத்து மேல்சாதியும் அரசாங்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டு மசோதாவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1958இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

தறிக்கூடத்தின் கதவு

அதே 1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அந்த மில்களுக்குள்ளும் ஒரு ஊரும் சேரியும் இருந்தன. நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை நாடாவுக்குள் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும்; ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டும்; தீட்டு ஒட்டிவிடும் என்று சாதித் தொழிலாளிகள் தடுத்தார்கள். ஆகவே தலித் தொழிலாளிக்குக் கூலி குறைந்த நூற்புப் பிரிவுதான் கதி.

வேலைநிறுத்தக் கோரிக்கைப் பட்டியலில் இந்தத் தடையை நீக்குவதையும் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். மனமில்லாமல்தான் சேர்த்தார்கள். இந்த அநியாயத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முதலாளிகள் கைகழுவினார்கள். தொழிலாளி ஒற்றுமை பேசுபவர்களும் தொழிலாளிக்குள் இருக்கும் சாதியைப் பேசத் தயங்கிய அந்தக் காலத்தில், கூலி குறைவதற்கு முதலாளியின் லாபம் மட்டும் காரணமில்லை, சாதியும் காரணம் என்று அவர் சுட்டிக்காட்டினார். ஒரே கூரையின் கீழ், ஒரே சங்கின் ஓசைக்கு வேலைக்கு வரும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் நல்ல கூலிக்கான கதவு பிறப்பால் அடைபட்டிருந்தது. கூலி உயர்வு கேட்கும் போராட்டம் அந்தக் கதவைத் திறக்காவிட்டால், உயர்வு கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

இதே கருத்தை 1938இல் மன்மாடில் கூடிய ரயில்வே தலித் தொழிலாளர்களிடமும் விரிவாக எடுத்துரைத்தார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரண்டையும் ஒருசேர எதிர்க்க வேண்டும் என்பது அவர் அங்கே முன்வைத்த நிலைப்பாடு.

பெயரிலேயே தொழிலாளர்

1936இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்தார். 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் போட்டியிட்ட தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் அது வென்றது. அந்த ஆண்டு செப்டம்பரில், கொங்கணத்துக் குத்தகை விவசாயிகளைப் பிழிந்த கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகளைத் திரட்டிப் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணி நடத்தினார். அதில் தலித்துகளும் வந்தார்கள், தலித் அல்லாத குடியானவர்களும் வந்தார்கள்.

அதே ஆண்டில் பம்பாய் காங்கிரஸ் அரசு, வேலைநிறுத்த உரிமையைக் கட்டிப்போடும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. அம்பேத்கர் அதைச் சட்டமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார். தன் உழைப்பை எந்த நிபந்தனையில் தருவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் ஒருவருக்கு உண்டென்றால், வேலைநிறுத்தம் குற்றமாகாது என்று வாதாடினார். நவம்பர் 7ஆம் தேதி கம்யூனிஸ்டுகளுடன் கைகோத்து ஒருநாள் பொது வேலைநிறுத்தம் நடத்தினார். பத்தாண்டுக்கு முன் கருத்து வேறுபட்டவர்களோடு இப்போது ஒரே மேடையில் நின்றார். கூலிக்காரனின் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கும்போது பழைய கணக்குப் பார்க்க முடியாது.

டெல்லியில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பொறுப்பேற்றார். இன்றைய மத்திய அமைச்சர் பதவிக்கு நிகரானது அது. சாலையோரத் தொழிலாளியின் வாழ்க்கையை அறிந்த ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் முறை எனலாம். அரசு, முதலாளி, தொழிலாளி என மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்பு மாநாட்டு முறை அவருடைய காலத்தில் வேர்விட்டது. 1943இலிருந்து அந்தக் கூட்டங்களில்தான் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் தேவையா என்ற விவாதம் தொடர்ந்து நடந்தது. தொழிலாளர் நிலையை ஆராய 1944இல் ரேகே தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவானது. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 மணி நேரமாகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது.

இந்த நான்கு ஆண்டுகளில் எல்லாமே பாராட்டுக்குரியதாக நடந்துவிடவில்லை. 1943இல், போர்க்காலத்தில் நிலக்கரி வெட்ட ஆள் போதவில்லை என்று, சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடையை அரசு தளர்த்தியது. துறை அவருடையது, பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பெண்கள் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். ஆண்களுக்குக் கூலியை உயர்த்தினால் ஆள் தானாக வரும், அதைச் செய்யாமல் பெண்களைக் குழிக்குள் இறக்குவதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். போர் நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடு என்று அம்பேத்கர் வாதாடினார். ஆனால், ஆணுக்கு என்ன கூலியோ அதே வேலைக்குப் பெண்ணுக்கும் அதே கூலி என்ற நிபந்தனையையும் அவர் முன்னிறுத்தினார். 1943 டிசம்பரில் தன்பாத் சுரங்கப் பகுதிக்குப் போய், பூமிக்கடியில் இறங்கி, வேலையையும் குடியிருப்பையும் நேரில் பார்த்தார். 1946 பிப்ரவரியில் அந்தத் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவரைப் போற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மசோதாவைச் சுற்றி நடந்த வாதம்

குறைந்தபட்சக் கூலி மசோதாவின் அடிப்படை எளிது. சங்கம் உள்ள இடத்தில் தொழிலாளி பேரம் பேசுவார். சங்கமே இல்லாத இடத்தில் யார் பேசுவது? பீடி சுற்றுபவர், கல் உடைப்பவர், தோல் பதனிடுபவர், சாலை போடுபவர், தோட்டத் தொழிலாளி, நகராட்சித் துப்புரவுப் பணியாளர். இவர்களுக்காக அரசே கூலியின் கீழ்வரம்பைக் கட்ட வேண்டும். அதற்குக் கீழே கொடுப்பது குற்றம். தொழிலாளியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. பசித்தவனின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அறம் இதற்குள் இருக்கிறது.

இந்தத் தொழில்களின் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தோல், குப்பை, கல், சாலை. இவை நம் சேரிகளிலிருந்து போன ஆட்கள் செய்த வேலைகள். சட்டத்தில் சாதியின் பெயர் எங்குமே இல்லை. ஆனாலும் யாருடைய வயிற்றை நினைத்து எழுதியது என்பது பட்டியலைப் படித்தாலே புரியும்.

எதிர்ப்பு பல பக்கமிருந்து வந்தது. தொழில் தாங்காது என்றார்கள் முதலாளிகள். மாகாணத்துக்கு மாகாணம் விலைவாசி வேறு என்றார்கள் சிலர். நெல்லாகவும் தவசமாகவும் கூலி வாங்கும் கிராமத்தில் இதை எப்படி அமல்படுத்துவது என்பது மற்றொரு தரப்பு. இவற்றுக்குச் சட்டத்துக்குள்ளேயே விடை வைக்கப்பட்டது. ஒரே தொகை நாடு முழுவதும் கிடையாது. அந்தந்த அரசு, தொழிலுக்குத் தகுந்தபடி நிர்ணயிக்கலாம். ஆலோசனைக் குழுக்களில் முதலாளியும் தொழிலாளியும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நிர்ணயித்த கூலியை ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கூலியை உயர்த்துவது அரசின் விருப்பம் அல்ல, கடமை என்பது இந்தக் கடைசி விதியின் பொருள். இன்று கூலி உயர்வு கேட்பவரைப் பேராசைக்காரர் என்று ஏசுகிறவர்கள், இந்த விதியை ஒருமுறை படிக்கலாம்.

மசோதா சட்டமாவதற்குள் அம்பேத்கர் அந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறைக்கு வந்தவர் ஜெகஜீவன் ராம். பீகாரின் ஆரா பகுதியில், சாமர் சமூகத்தில் பிறந்தவர். அங்கே விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டியவர். அரசியலில் இருவரும் எதிரெதிர் முகாம்கள். ஆனால் அம்பேத்கர் விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துச் சென்றார். 1948 மார்ச் 15 அன்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய உழைப்பாளியின் கூலிக்குச் சட்டப்படி அடிமட்டம் போட்டதில் இரண்டு தலித் தலைவர்களின் கை இருக்கிறது.

வயல் காத்திருந்தது

சட்டத்தின் அட்டவணையில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஆலைகளும் தொழில்களும். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு வேலை: விவசாயம். தொழில்களுக்கு இரண்டாண்டில் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்றும், விவசாயத்துக்கு மூன்றாண்டு என்றும் கெடு வைத்தார்கள். விவசாயத்துக்கான கெடு திருத்தத்துக்கு மேல் திருத்தமாக 1959 வரை இழுத்துக்கொண்டே போனது. நிலம் வைத்திருந்தவர்கள் சட்டமன்றங்களில் இருந்தார்கள். கூலிக்காரர்கள் வயலில் இருந்தார்கள்.

கூலியைக் கேட்டதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலையை நாம் மறக்க முடியாது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாகத் திரண்ட கீழ்வெண்மணி மக்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கிழக்குத் தஞ்சை விவசாயத் தொழிலாளருக்கான நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. மத்தியச் சட்டம் வந்து இருபத்தோரு ஆண்டு கழித்து, 44 உயிர் போன பிறகு.

சட்டத்துக்குள் கட்டிய இன்னொரு வரப்பு

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய மனுவில், விவசாய நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி மத வேறுபாடின்றிக் கிராமத்தாரிடம் கூட்டாகச் சாகுபடிக்கு விட வேண்டும் என்று கேட்டிருந்தார். நிலக்கிழாரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது என்பது அதன் குறிக்கோள். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாழ்கிறவருக்கு எழுத்தில் உள்ள உரிமைகள் பயன்படாது என்ற வாதமும் அதில் உண்டு. அந்தத் திட்டம் ஏற்கப்படவில்லை. ஆனால் வரைவுக் குழுத் தலைவராக அவர் வழிநடத்திய அரசியலமைப்பில் 23ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்தது. 39ஆம் பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற நெறியைச் சொன்னது. 43ஆம் பிரிவு வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தை அரசின் இலக்காக்கியது.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் போட்ட விதை அதன் பிறகும் முளைத்தது. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தது. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மூன்று பேர் சாப்பாட்டுக் கணக்கு, ஆளுக்கு 2700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்குச் செலவுக்கு 20 சதவீதம். 1991இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 சதவீதத்தைச் சேர்க்கச் சொன்னது.

1982இல் இன்னொரு தீர்ப்பு. டெல்லி ஆசிய விளையாட்டுக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டிய தொழிலாளிகளுக்கு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஆளுக்கு ஒரு ரூபாயை மேஸ்திரிகள் பிடித்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. 1928இல் வதன் மசோதாவில் தோற்ற அம்பேத்கர், 1946இன் மசோதாவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவும் ஒன்றுசேர்ந்த அந்த இடத்தில், மறைந்து 26 ஆண்டு கழித்து வென்றார்.

நம் கையில் இருப்பது

1948ஆம் ஆண்டுச் சட்டம், 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. தொகை எவ்வளவு, யார் நிர்ணயிப்பது என்ற வாதம் தொடர்கிறது. கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்பவர்களின் கவலையை நாம் செவிகொடுத்துக் கேட்கலாம். சிறு விவசாயிக்கும் உரிய விலை கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவருக்கு ஏற்படும் நட்டத்தை நாற்று நடும் பெண்ணின் கூலியில் கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வயிற்றைக் கட்டி வேலை செய்பவர்தான் நாட்டின் விலைவாசியைத் தாங்க வேண்டும் என்றால், அது வதன் முறையின் மறுபிறவி.

மாணவர்கள் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் அம்மா, அப்பா என்ன வேலைக்குப் போகிறார்களோ, அந்தத் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் கூலியை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகைதானா என்றும் பாருங்கள். குறைந்திருந்தால் தொழிலாளர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தாமதிக்காமல் கொடுப்பது நல்லது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். மனு எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இப்போது இருக்கிறார். ராம்ஜி சுபேதாரின் மகன் படித்ததும் இதற்காகத்தான்.